உங்க வீடு உங்களை மாதிரி இருக்கா?

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன எபிசோட்ல செங்கல், சிமெண்ட், பட்ஜெட்னு காசுக் கணக்கா பேசினோம். இன்னைக்கு வேற விஷயம். "வீடுன்னா நம்ம பர்சனாலிட்டி அதுல தெரியணும்" என்று எல்லா இன்டீரியர் வீடியோவிலும் சொல்கிறார்கள். அது உண்மையில் எப்படி நடக்கிறது? ஒரு மனுஷனோட குணத்தைச் சுவராவும் ஜன்னலாவும் எப்படி மாத்துறது? நான் பதினாலு வருஷமா சென்னையில் வீடு வரைந்து கொடுக்கிறவள். பதில் எனக்குத் தெரியும் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு எங்கே உடைந்தது என்பதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சில வருஷம் முன்னாடி ஒரு குடும்பம் வந்தது. மடிப்பாக்கம் பக்கம் அரை கிரவுண்ட் மனை, அதாவது 1,200 சதுர அடி. கணவன், மனைவி, ரெண்டு பசங்க, மாமியார். பேசினது பெரும்பாலும் மனைவிதான். போனில் ஒரு போல்டர் வைத்திருந்தார். அதில் 140 படம். எல்லாமே வெள்ளைச் சுவர், ஓப்பன் கிச்சன், நடுவில் ஒரு ஐலண்ட், மேலே தொங்கும் மூணு விளக்கு. எனக்கும் சந்தோஷம். தனக்கு என்ன வேணும்னு தெளிவா தெரிஞ்ச கிளையண்ட் கிடைப்பது லாட்டரி அடித்த மாதிரி.

கட்டினோம். கீழே ஹால், டைனிங், கிச்சன் மூணுக்கும் நடுவில் ஒரு சுவர்கூட இல்லை. வாசலில் நின்றால் பின்பக்க வாழை மரம் வரைக்கும் தெரியும். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். நான் போட்டோ எடுத்து இன்ஸ்டாவில் போட்டேன். இரண்டு புது ப்ராஜெக்ட் அதைப் பார்த்துத்தான் வந்தது.

எட்டு மாதம் கழித்து, மாடியில் ஓதம் அடிக்குதுன்னு கூப்பிட்டார்கள். பார்த்துவிட்டுக் கிளம்பும்போது அந்த அம்மா டீ கொடுத்துவிட்டு, சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வீட்ல கொஞ்ச நேரம் அழணும்னா நான் பாத்ரூமுக்குத்தான் போக வேண்டியிருக்கு."

நானும் சிரித்தேன். கார்ல ஏறினதும் சிரிப்பு நின்னு போச்சு.

மனசுக்குள்ளேயே பிளானை விரித்துப் பார்த்தேன். மாஸ்டர் பெட்ரூமில் கணவருக்கு வொர்க் ஃப்ரம் ஹோம், காலையிலிருந்து கால் ஓடுகிறது. ஒரு ரூம் பசங்களுக்கு. ஒரு ரூம் மாமியாருக்கு. மிச்சம் இருக்கிற இடமெல்லாம் "ஓப்பன்". அந்தப் பெண் மூடிக்கொள்ள ஒரு கதவுகூட நான் வைக்கவில்லை. பிறகு விசாரித்தபோது தெரிந்தது, அவர்களுடைய பழைய வாடகை வீட்டில் சமையலறைக்குக் கதவு இருந்திருக்கிறது. மத்தியானம் மூணு மணிக்கு அதைச் சாத்திக்கொண்டு, எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தத்தோடு எஃப்எம் கேட்பாராம். அரை மணி நேரம். அன்றைய நாளில் அவருக்கென்று இருந்தது அதுதான்.

அந்தப் பழைய வீட்டுக்கு நான் போயிருக்கேன். இருபது நிமிஷம் ஹாலில் உட்கார்ந்து காபி குடிச்சுட்டு வந்தேன். சமையலறையை எட்டிப் பார்க்கவில்லை.

இத்தனைக்கும் 140 படமும் அவரே சேர்த்ததுதான், யாரும் திணிக்கவில்லை. ஆனா அந்தப் படங்களை இன்னொரு தடவை பாருங்க. ஒண்ணுலயாவது ஆள் இருக்கா? குக்கர் இருக்கா? சிந்தின பால், காயப்போட்ட துணி, சார்ஜர் வயர்? எதுவும் இருக்காது. ஆளே இல்லாத வீடுகள் அவை. நாம் சேமிக்கும் படங்களில் இருப்பது நம் ஆசை. ஆசை பொய்யில்லை, அதுவும் நம்மில் ஒரு பகுதிதான். ஆனா திங்கட்கிழமை மத்தியானம் நாம எப்படி இருப்போம்னு அதுக்குத் தெரியாது.

இப்போ நூறு வருஷம் பின்னாடி, நெதர்லாந்து போவோம். உட்ரெக்ட் நகரம். ட்ரூஸ் ஷ்ரோடர் என்ற பெண். கணவர் வக்கீல், வசதியான குடும்பம், மூணு குழந்தைகள். குழந்தைகளை எப்படி வளர்ப்பது என்பதில் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. 1921-ல் அந்தப் பெரிய வீட்டுக்குள்ளேயே அவருக்கு மட்டும் ஒரு அறையைத் தனியாக வடிவமைத்துக் கொடுக்கிறார்கள். வடிவமைத்தவர் கெரிட் ரீட்வெல்ட் என்ற மரவேலைக்காரர். சிவப்பு, நீலத்தில் ஒரு பிரபலமான நாற்காலி உண்டே, அவர்தான்.

1923-ல் கணவர் இறந்துபோகிறார். சின்னதாக ஒரு வீடு வேண்டும் என்று ட்ரூஸ் மறுபடியும் ரீட்வெல்டிடம் போகிறார். 1924-ல் கட்டி முடித்த அந்த வீடு இன்று யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ஆர்கிடெக்சர் படிக்கிற எல்லாரும் முதல் வருஷத்திலேயே அதோட படத்தைப் பார்த்திருப்போம். வெள்ளை, சாம்பல் பலகைகள், நடுவில் சிவப்பு, மஞ்சள், நீலக் கோடுகள். "டி ஸ்டைல் இயக்கத்தின் உதாரணம்" என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிவிட்டு மறந்துவிடுவோம். நானும் அப்படித்தான்.

எங்களுக்கு யாரும் சொல்லித் தராத விஷயம், ட்ரூஸ் என்ன கேட்டார் என்பது. எனக்கு இந்த ஸ்டைல் வேணும்னு அவர் கேட்கவில்லை. ஒவ்வொரு அறையிலும் கட்டிலைக் குறைந்தது இரண்டு விதமாகப் போட முடிய வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் தண்ணீர்க் குழாயும் வடிகாலும் வேண்டும். ஒவ்வொரு அறையிலிருந்தும் நேரே வெளியே போக ஒரு கதவு வேண்டும். கேட்டது இப்படிப்பட்டவை. கட்டிலின் இடம் பற்றி யோசிக்கிற கிளையண்ட் எப்படிப்பட்ட ஆள் என்று பாருங்கள். வாழ்க்கை மாறும் என்று தெரிந்தவர். இன்றைக்குக் குழந்தை தூங்கும் அறையில் நாளைக்கு ஒருவர் குடியிருக்கலாம் என்று யோசித்தவர்.

மேல்மாடியில் சுவரே இல்லாமல் செய்ய முடியாதா என்று கேட்டதும் அவர்தான். குழந்தைகள் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு வளர வேண்டும், தனியாக ஒதுக்கி வைக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. ரீட்வெல்டின் தீர்வு, தள்ளித் திறக்கும் தடுப்புகள். பகலில் எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளினால் மேல்மாடி ஒரே கூடம். ராத்திரி இழுத்து மூடினால் தனித்தனி அறைகள். இதில் ஒரு குறும்பும் உண்டு. அந்த ஊர் கட்டட விதிப்படி இப்படி ஒரு மாடிக்கு அனுமதி கிடைக்காது. அதனால் பிளானில் அந்த மாடியைப் பரண் என்று குறித்துக் கொடுத்துவிட்டார்கள்! நம்ம ஊர் அப்ரூவல் டிராயிங் ஞாபகம் வருதா? எனக்கு வந்துச்சு. செய்யச் சொல்லலை, சும்மா சொல்றேன்.

1924-லிருந்து 1985-ல் இறக்கும் வரை, அறுபது வருஷத்துக்கு மேல் ட்ரூஸ் அந்த வீட்டில்தான் இருந்தார். குழந்தைகள் வளர்ந்து போனார்கள், ஒரு மகள் ஆர்கிடெக்ட் ஆனார். ரீட்வெல்டும் கடைசி வருஷங்களில் அங்கேயே வந்து வாழ்ந்தார். அவருடைய குணத்தைச் சுவரின் நிறத்தில் தேடினால் கிடைக்காது. அந்தத் தடுப்புப் பலகையில் இருக்கிறது: எல்லோரும் சேர்ந்தும் இருக்க வேண்டும், தனியாகவும் இருக்க வேண்டும், எப்போது எது என்பதை நான் முடிவு செய்வேன். இந்தக் கடைசிப் பாதி முக்கியம்.

இதுக்கு நேர் எதிர்க் கதை அமெரிக்காவில். ஈடித் ஃபார்ன்ஸ்வொர்த், சிகாகோவில் சிறுநீரக மருத்துவர். தனியாக வாழ்ந்தவர், வயலின் வாசிப்பார், பிற்காலத்தில் இத்தாலியக் கவிதைகளை மொழிபெயர்த்தவர். வார இறுதியில் போய்த் தங்க பிளேனோ என்ற ஊரில், ஃபாக்ஸ் நதிக்கரையில் ஒரு வீடு வேண்டும் என்று கேட்கிறார். ஆர்கிடெக்ட், மீஸ் வான் டெர் ரோ. 1951-ல் முடிந்தது. எட்டு இரும்புத் தூண், தரை மண்ணைவிட்டு சுமார் அஞ்சு அடி உயரத்தில் மிதக்கிறது, நாலு பக்கமும் கண்ணாடி. நானும் அதைக் கும்பிட்டவள்தான். இன்றைக்கும் அந்தப் படத்தைப் பார்த்தால் கொஞ்சம் மூச்சு நிற்கும்.

ஆனால் அதற்குள் வாழ்ந்தவரைக் கேளுங்கள். செலவு ஏறிப்போய், கட்டணத் தகராறு கோர்ட் வரை போனது. ராத்திரி விளக்கைப் போட்டால் வீடே ஒரு கண்ணாடிப் பெட்டி. சிங்க் அடியில் ஒரு குப்பைத் தொட்டி வைப்பதற்குக்கூட, வெளியிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது என்று அவர் பத்திரிகையிடமே குறைப்பட்டுக்கொண்டார். பார்வையை மறைக்கிற மாதிரி சுவர் போட்டு மூடிய அறைகள் அந்த வீட்டில் எவை தெரியுமா? நடுவில் இருக்கிற இரண்டு பாத்ரூம்.

மடிப்பாக்கம் ஞாபகம் வருதா? எனக்குக் காதே சூடாயிடுச்சு.

ஃபார்ன்ஸ்வொர்த் ஏமாந்தவர் என்று நான் சொல்ல வரவில்லை. பிளானைப் பார்த்துதான் ஒத்துக்கொண்டார், சுமார் இருபது வருஷம் வார இறுதிகளில் அங்கே போய் வந்தார், தனக்குப் பிடித்த சாமான்களைப் போட்டுக்கொண்டார், கொசுவுக்குத் திண்ணைப் பக்கம் வலை அடித்துக்கொண்டார். பிறகு விற்றுவிட்டு இத்தாலிக்குப் போய்விட்டார். அந்த வீடு ஒரு ஆளுடைய குணத்தை அச்சு அசலாகக் காட்டுகிறது, அதில் சந்தேகமே இல்லை. அந்த ஆள் மீஸ். பல வருஷம் கழித்து, 2021-ல்தான் அதைப் பராமரிக்கிற அமைப்பு வீட்டின் பெயரில் ஈடித் என்ற முதல் பெயரைச் சேர்த்தது.

ஆக கிளையண்டின் பர்சனாலிட்டி என்று பேசும்போது ஒரு கேள்வி எப்போதும் கூடவே வரும்: இது யாருடைய பர்சனாலிட்டி? உங்க ஆர்கிடெக்டின் முந்தைய அஞ்சு வீட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. அஞ்சும் ஒரே மாதிரி இருந்தா, ஆறாவதும் அப்படித்தான் வரும்.

நம்ம நாட்டிலேயே ஒரு வேடிக்கை நடந்திருக்கிறது. 1950-களில் லெ கார்பூசியே அகமதாபாத்தில் நாலு கட்டடம் கட்டினார். அதில் ஒன்று மனோரமா சாராபாயின் வீடு. கணவரை இழந்தவர், இரண்டு மகன்கள். அந்த வீட்டின் மொட்டை மாடியிலிருந்து நேரே கீழே நீச்சல் குளத்துக்குள் ஒரு சறுக்கு மரம் இறங்குகிறது. இதைவிடத் தெளிவாக "இங்கே பையன்கள் இருக்கிறார்கள்" என்று ஒரு கான்கிரீட் துண்டு சொல்ல முடியுமா? இன்னொரு வீடு, மில் முதலாளி சுரோத்தம் ஹதீசிங்குக்காக வரைந்தது. அவர் கட்டாமல், பிளானை ஷியாமுபாய் ஷோதன் என்ற இன்னொரு மில் முதலாளிக்கு விற்றுவிட்டார். ஷோதன் அதே பிளானை வேறொரு மனையில் கட்டிக் குடியேறினார். வீடு நன்றாகத்தான் இருக்கிறது, உலகமே போய்ப் பார்க்கிறது.

அப்போ இதுவரைக்கும் நான் சொன்னதெல்லாம் வீணா? ஒருத்தருக்குத் தைத்த சட்டை இன்னொருத்தருக்கும் பொருந்தினால் அளவெடுத்ததற்கு என்ன அர்த்தம்? இதை நான் நிறைய யோசித்திருக்கிறேன். என் கருத்து, அந்த வீட்டில் ஆடம்பரமான இடைவெளிகள் அதிகம். உயரமான மாடித் தோட்டங்கள், நிழல், காற்று. இடம் தாராளமாக இருந்தால் யாரும் எப்படியாவது பொருந்திக்கொள்ளலாம். அளவெடுக்கிற வேலை கட்டாயமாவது 1,200 சதுர அடியில்தான். நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு அடி தவறினால் உறைக்கும்.

சரி, அளவு எப்படி எடுப்பது? மடிப்பாக்கத்துக்குப் பிறகு நான் "உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று ஆரம்பிப்பதை விட்டுவிட்டேன். நேத்து காலைல எத்தனை மணிக்கு எழுந்தீங்க, முதல்ல எங்க போனீங்க என்று கேட்பேன். வீட்டுக்குள்ள வந்ததும் சாவி எங்க விழும்? போன் எங்க சார்ஜ் ஆகுது? சொல்லாம கொள்ளாம யார் யார் வருவாங்க? கடைசியா சண்டை போட்டது எந்த இடத்துல? இதைக் கேட்டதும் கணவன் மனைவி ஒருத்தரையொருத்தர் பார்ப்பார்கள். அந்தப் பார்வையிலேயே பாதி பிளான் வந்துவிடும். முக்கியமாக, இப்போது இருக்கிற வீட்டை, சமையலறை, பாத்ரூம், துவைக்கிற இடம் உட்பட, சுத்தம் செய்யாமல் காட்டச் சொல்வேன். நாற்காலி ஒன்று துணி மலைக்கு அடியில் இருக்கும், எல்லா வீட்டிலும் இருக்கும். அந்த நாற்காலி எந்த மூலையில் இருக்கிறதோ, அங்கேதான் அலமாரி வர வேண்டியிருந்தது.

வீட்டில் இருக்கிற எல்லாரிடமும் தனித்தனியாகப் பேசுவேன். சேர்ந்து உட்கார்ந்தால் ஒருத்தர்தான் பேசுவார், மற்றவர்கள் "அதேதான் எனக்கும்" என்பார்கள். வேலைக்கு வருகிற அக்காவிடமும் கேட்பேன். பிரான்ஸில் போர்தோ பக்கம் 1998-ல் ரெம் கூல்ஹாஸ் ஒரு வீடு கட்டினார். விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் வாழ்ந்த ஒருவருக்காக. எளிமையான வீடு வேண்டாம், இனி இந்த வீடுதான் என் உலகம், அதனால் சிக்கலான வீடு வேண்டும் என்று அவர் கேட்டாராம். 3 மீட்டருக்கு 3.5 மீட்டர் அளவில் ஒரு தளம் மூன்று மாடிக்கும் ஏறி இறங்கும். அது அவருடைய அலுவலக அறை, பக்கத்திலேயே புத்தகச் சுவர். கிளையண்டின் வார்த்தையை இவ்வளவு ஆழமாகக் கேட்ட வீடு குறைவு. ஆனால் அந்த வீட்டைப் பற்றி 2008-ல் வந்த ஆவணப்படத்தில், அங்கே வேலை செய்யும் பெண்மணி குறுகலான சுழல் படியில் வாக்குவம் கிளீனரைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறார் பாருங்கள், அந்தப் படி அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை என்று சொல்லும்.

இன்னொரு சின்ன விஷயம், ஜன்னல் உயரம். நம்ம ஊர்ல ஜன்னலோட அடி விளிம்பு தரையிலிருந்து மூணு அடியில்தான் இருக்கும், மேஸ்திரி கேட்கவே மாட்டார். தரையில் உட்கார்ந்தால் நம் கண் சுமார் ரெண்டரை அடியில் இருக்கும். அப்போ தரையில் உட்கார்ந்து காய் நறுக்குகிற, பூக் கட்டுகிற ஒரு பாட்டிக்கு அந்த ஜன்னலில் வானம் மட்டும்தான் தெரியும், தெரு தெரியாது. விளிம்பை ஒண்ணரை அடிக்கு இறக்கினால் தெரு வீட்டுக்குள் வந்துவிடும். பத்திரமாக கிரில் மட்டும் போட்டுவிடுங்கள். இப்படி ஒருத்தருக்காக ஒண்ணரை அடியை மாற்றுவதைத்தான் நான் பர்சனாலிட்டி என்பேன். சுவரில் அவருக்குப் பிடித்த கலர் அடிப்பதெல்லாம் கடைசி வாரத்து வேலை.

"அக்கா, நாங்க வாடகை வீடு, ஆணி அடிச்சாலே ஓனர் அட்வான்ஸ்ல கழிப்பார்" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. உண்மைதான், சுவரைத் தொட முடியாது. ஆனா வெளிச்சம் உங்க கையில. மேலே இருக்கிற ஒற்றை டியூப்லைட்டை அணைத்துவிட்டு, நீங்கள் ராத்திரி பத்து மணிக்கு உண்மையில் உட்காரும் இடத்தில் ஒரு டேபிள் லேம்ப் வைத்துப் பாருங்கள். கட்டிலை வேறு சுவருக்குத் திருப்பிப் பாருங்கள். ட்ரூஸ் கட்டிலில்தான் ஆரம்பித்தார்.

மடிப்பாக்கம் என்ன ஆச்சுன்னு சொல்லாம முடிச்சா திட்டுவீங்க. அடுத்த வாரமே போனேன். கிச்சனுக்குச் சுவர் எழுப்பிக் கதவு வைத்துத் தருகிறேன், டிசைன் பீஸ் வேண்டாம் என்றேன். அந்த அம்மா யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். சாயங்காலம் ஆறு மணிக்கு பசங்க டைனிங் டேபிளில் ஹோம்வொர்க் செய்வதை அடுப்படியிலிருந்து பார்ப்பது அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. ஆறு மணிக்குத் திறந்திருக்க வேண்டும், மூணு மணிக்கு மூடியிருக்க வேண்டும். இதற்கான விடையை நான் முதல் வருஷ பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்!

மூணு பலகை, மேலே டிராக்கில் தள்ளுகிற கதவு. தேக்கு ஃபிரேம், கோடு போட்ட கண்ணாடி, அதாவது வெளிச்சம் வரும், முகம் தெரியாது. ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும் ஏற்கெனவே இருந்ததால் காற்றுக்குப் பிரச்சினை இல்லை. மொத்தச் செலவு 45,000 ரூபாய். உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். அந்தத் தாழ்ப்பாளுக்குத்தான் பெரிய சண்டை. "சமையக்கட்டுக்கு எதுக்கும்மா தாப்பா? யாருக்குத் தெரியாம என்ன பண்ணப் போறா?" என்று மாமியார் என்னிடமே கேட்டார். கணவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகள் எதுவும் பேசவில்லை. நான் ஆசாரியிடம், "அண்ணே, தாப்பாள் வைங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது என் வேலைதானா என்று இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

போன மாசம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். மணி பதினொண்ணு. கதவு மூடியிருந்தது. மருமகள் வெளியே சோபாவில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உள்ளே யாரு என்று சைகையில் கேட்டேன்.

"அத்தை மேடம். ஊர்ல இருக்கிற தங்கச்சிகிட்ட பேசுறாங்க. பன்னெண்டு மணி வரைக்கும் அவங்க டைம்."

அடுத்த எபிசோட்ல மொட்டை மாடிச் சூடு. சந்திப்போம்.